ஏதென்ஸ் மாணவன் ரோமப் பேரரசன் ஆன கதை

படிப்பும் லட்சியமுமாக வளர்ந்த ஓர் இளைஞனின் கையில் திடீரென்று ஆட்சி வந்து விழுந்தால் அவன் தேறுவானா? அந்தப் படிப்பு அவனுக்குக் கைகொடுக்குமா, காலை வாருமா? கற்பனைக் கதை வேண்டாம், நிஜத்தில் நடந்த ஒன்றை வைத்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ரோமப் பேரரசர் ஜூலியன். கி.பி. 355 கோடையில் அவர் ஏதென்ஸில் தத்துவம் படித்துக்கொண்டிருந்த மாணவர். அதே ஆண்டு நவம்பர் 6ஆம் தேதி மிலான் நகரில் படைகளின் முன் நிறுத்தப்பட்டு, பேரரசருக்கு அடுத்த நிலையில் இருக்கும் ‘சீசர்’ ஆக்கப்பட்டார். அதுவரை அவர் கையில் வாள் பிடித்ததில்லை, ஒரு சிற்றூரைக்கூட நிர்வகித்ததில்லை. எட்டே ஆண்டுகளில், 363 ஜூன் 26ஆம் தேதி இரவு, பாரசீகப் படையெடுப்பின் நடுவே ஈட்டிக் காயத்தால் இறந்தார். வயது 32 இருக்கும்.

கிறிஸ்தவத்தைக் கைவிட்டுப் பழைய கிரேக்கத் தெய்வங்களிடம் திரும்பியவர் என்பதால் மத வரலாற்றில்தான் அவரைப் பற்றி அதிகம் பேசுவார்கள். நான் அந்தப் பக்கத்தைத் தேவையான அளவுக்கு மட்டும் தொடுகிறேன். உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: முதல் ஐந்து ஆண்டுகளில், அதாவது காலியாவில் (இன்றைய பிரான்சும் அதை ஒட்டிய பகுதிகளும்), அவரளவுக்கு வேகமாகக் கற்றுக்கொண்ட ஆட்சியாளரைக் காண்பது அரிது. தனிப் பேரரசராக இருந்த கடைசி இருபது மாதங்களில் அந்தக் கற்றல் நின்றுபோனது. ஆள் அதே ஆள், படிப்பும் அதே படிப்பு. காலியாவில் அந்தப் படிப்பைத் தனக்குக் கட்டுப்பாடாக வைத்துக்கொண்டார். பிறகு ஊருக்கே அதைச் சட்டமாக்கப் பார்த்தார். அப்போது அவரைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் யாரிடமும் இல்லை.

அவருடைய பிள்ளைப் பருவத்தைத் தெரிந்துகொள்ளாமல் இதை விளங்கிக்கொள்ள முடியாது. 337இல் கான்ஸ்டன்டைன் பேரரசர் இறந்ததும் அரச குடும்பத்து ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஜூலியனின் தந்தை, மூத்த அண்ணன், பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் என்று எல்லோரும் போனார்கள். ஆறு வயதுப் பிள்ளையான ஜூலியனும் நோயில் கிடந்த இன்னோர் அண்ணன் கால்லஸும் தப்பினார்கள். இந்தக் கொலைகளுக்குப் பின்னால் இருந்தவர் கான்ஸ்டன்டைனின் மகன் கான்ஸ்டன்டியஸ்தான் என்று ஜூலியன் கடைசிவரை நம்பினார். அந்தக் கான்ஸ்டன்டியஸின் ஆட்சியில், அவர் கண்காணிப்பிலேயே வளரவும் வேண்டியிருந்தது.

பிறந்த சில மாதங்களிலேயே தாயை இழந்த பிள்ளைக்கு மார்டோனியஸ் என்ற முதிய ஆசிரியர் ஹோமரையும் ஹெசியோடையும் ஊட்டி வளர்த்தார். பிறகு கப்படோக்கியாவில் ஒரு தனித்த மாளிகையில் ஆறு ஆண்டு ஏறக்குறைய சிறைவாசம். அங்கே ஆறுதல் என்று இருந்தது ஜார்ஜ் என்ற மதகுருவின் நூலகம். நிக்கோமீடியாவில் படிக்கும்போது, புகழ்பெற்ற பேச்சாசிரியர் லிபேனியஸின் வகுப்புக்குப் போகக் கூடாது என்று தடை போட்டிருந்தார்கள். ஜூலியன் காசு கொடுத்து அந்த வகுப்புக் குறிப்புகளைத் தினமும் வாங்கிப் படித்தார். 354இல் கால்லஸும் கான்ஸ்டன்டியஸின் ஆணையால் கொல்லப்பட்டார். இப்படி வளர்ந்த ஒருவருக்குப் புத்தகம் பொழுதுபோக்காக இருக்க முடியாது. தன்னை யாரும் கொல்ல வராத ஒரே இடம் அவருக்கு அதுதான்.

அங்கிருந்துதான் அவரை இழுத்து வந்து சீசர் ஆக்கினார்கள். ஏன்? காலியா எரிந்துகொண்டிருந்தது. ரைன் ஆற்றைத் தாண்டி வந்த ஜெர்மானியக் கூட்டங்கள் நகரங்களைச் சூறையாடிக்கொண்டிருந்தன. கான்ஸ்டன்டியஸால் எல்லா எல்லைகளையும் ஒரே நேரத்தில் காக்க முடியவில்லை. அரச குடும்பத்து முகம் ஒன்று அங்கே தேவைப்பட்டது. குடும்பத்தில் மிஞ்சியிருந்தது ஜூலியன் மட்டும். தாடியை மழித்து, தத்துவ மாணவனின் மேலாடையைக் களைந்து, படைவீரன் உடையை மாட்டிவிட்டார்கள். தலையைக் குனிந்து அவர் நடந்த நடையைப் பார்த்து அரண்மனையில் சிரித்ததை அவரே பின்னர் எழுதியிருக்கிறார். பேரரசரின் தேரில் ஏறி அரண்மனைக்குள் நுழையும்போது, செந்நிறச் சாவு வந்து பற்றிக்கொண்டதாகச் சொல்லும் ஹோமரின் வரி ஒன்றை அவர் வாய்க்குள் முணுமுணுத்தார். செந்நிறம் பேரரசின் நிறமும்கூட.

அவருடன் அனுப்பிய வீரர்கள் 360 பேர். அதிகாரம் என்று பெரிதாக எதுவும் இல்லை. தளபதிகளுக்குப் போன ரகசிய உத்தரவு, எதிரியைக் கவனிப்பதுபோல் இவரையும் கவனியுங்கள் என்பது. சாப்பாட்டுக்கு என்ன செலவு செய்யலாம் என்று கான்ஸ்டன்டியஸ் தன் கைப்பட ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்திருந்தார், விடுதிக்கு அனுப்பும் பிள்ளைக்கு எழுதிக் கொடுப்பதுபோல. ஜூலியன் அதைப் படித்துவிட்டு, அதில் அனுமதித்திருந்த காட்டுக்கோழி முதலான உயர்ந்த பண்டங்களையே வேண்டாம் என்று நிறுத்தினார். சாதாரண வீரன் சாப்பிடுவதையே தானும் சாப்பிட்டார்.

இங்கேதான் படிப்பு முதலில் வேலை செய்கிறது. அவர் படித்த தத்துவம் ஒரு வாழ்க்கை ஒழுங்கு. குறைவாகத் தின், குறைவாகத் தூங்கு, உடம்பை அடக்கு என்று பழக்கியது. இரவை மூன்றாகப் பிரித்துக்கொண்டார்: ஒரு பங்கு தூக்கம், ஒரு பங்கு அரசு வேலை, ஒரு பங்கு படிப்பு. படைவீரர்களின் அணிநடையை இசைக்கேற்பப் பழகும்போது, “பிளேட்டோ, பிளேட்டோ” என்று கூவி, மாட்டின் முதுகில் சேணத்தைப் போட்டுவிட்டார்கள் என்ற பழமொழியைச் சொல்லிக்கொள்வாராம். சொல்லிக்கொண்டே பழகினார், விட்டுவிடவில்லை. இதை எழுதிவைத்த அம்மியானஸ் மார்செலினஸ் அதே படையில் அதிகாரியாக இருந்தவர், ஜூலியனை மிகவும் மதித்தவர். தவறைக் கண்ட இடத்தில் அதையும் மறைக்காமல் எழுதினார். அதனால்தான் அவர் சொல்வதை நான் அதிகம் நம்புகிறேன்.

போர்க்கலையைப் புத்தகத்தில் படித்துவிட்டு வந்தவர் 356இல் முதல் அடி வாங்கினார். மழையும் மூட்டமுமாக இருந்த ஒரு நாளில் அலமன்னிகள் என்ற ஜெர்மானியக் கூட்டத்தார் ரோமப் படையின் பின்பக்கத்தைத் தாக்கினார்கள். இரண்டு லீஜியன்கள் (ரோமப் படையின் பெரும்பிரிவுகள்) அழிந்துபோகும் நிலைக்கு வந்தன. அதற்குப் பிறகு எந்தச் சாலையையும் எந்த ஆற்றுத்துறையையும் சந்தேகப்படாமல் அவர் கடந்ததில்லை என்கிறார் அம்மியானஸ். ஒரே அனுபவத்தில் நிதானம் வந்துவிட்டது. அந்தக் குளிர்காலத்தில் சான்ஸ் நகரில் எதிரிகள் அவரை 30 நாள் முற்றுகையிட்டார்கள். பக்கத்திலேயே படையோடு இருந்த தளபதி மார்செல்லஸ் உதவிக்கு வரவில்லை. சுவரில் இருந்த பழுதை அடைத்து, கையில் இருந்த கொஞ்சம் ஆட்களோடு ஜூலியன் தாக்குப்பிடித்தார்.

357 ஆகஸ்டில் நடந்த ஸ்ட்ராஸ்பர்க் போரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ரோமப் படை 13,000, எதிரிகள் 35,000 என்பது அம்மியானஸ் தரும் கணக்கு. வீரர்கள் விடியலில் இருந்து நடந்து களைத்திருந்ததால், இன்று ஓய்வெடுத்து நாளை போரிடலாம் என்றார் ஜூலியன். வீரர்கள் கேட்கவில்லை, கேடயத்தில் ஈட்டியைத் தட்டி இப்போதே என்றார்கள். அதிகாரிகளும் அதையே சொன்னார்கள். அவர் தன் கருத்தை விட்டுக்கொடுத்தார். போரின் நடுவில் கனரகக் குதிரைப்படை சிதறி ஓடியபோது நேரே குறுக்கே போய் நின்று திருப்பினார். ரோமர் பக்கம் இறந்தவர்கள் 243 வீரர்கள், 4 அதிகாரிகள். அலமன்னிகளின் அரசன் க்னோடோமர் உயிரோடு பிடிபட்டான்.

போர் வெற்றியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வரி விஷயம். ஜூலியன் வந்தபோது காலியாவில் தலைவரி 25 பொற்காசு. அவர் போகும்போது 7. இது எப்படி நடந்தது? காலியாவின் தலைமை நிர்வாகி புளோரென்டியஸ், வசூல் போதவில்லை, கூடுதல் வரி போடுவோம் என்றார். ஜூலியன் உட்கார்ந்து கணக்குப் போட்டு, வழக்கமான வரியே படைச் செலவுக்குப் போதும், மிச்சமும் இருக்கும் என்று காட்டினார். மறுபடியும் கூடுதல் வரி ஆணை கையெழுத்துக்கு வந்தபோது அதைப் படிக்காமலே தரையில் எறிந்தார். கான்ஸ்டன்டியஸ் கண்டித்துக் கடிதம் எழுதினார். அப்படியும் மசியவில்லை. வடக்கே ஒரு மாகாணத்தை என் பொறுப்பில் விடுங்கள், வசூலுக்கு உங்கள் ஆட்கள் யாரும் போகக் கூடாது என்று கேட்டு வாங்கினார். நெருக்குதல் இல்லாமலே அங்கே ஜனங்கள் தவணைக்கு முன்பே வரியைக் கட்டினார்கள்.

இன்னொன்று. வரி பாக்கியைத் தள்ளுபடி செய்வது ஆட்சியாளர்கள் நல்ல பெயர் வாங்க எடுக்கும் சுலபமான வழி. ஜூலியன் அதைச் செய்ய மறுத்தார். ஏழையிடம் ஆண்டுத் தொடக்கத்திலேயே கழுத்தைப் பிடித்து வாங்கிவிடுகிறார்கள், பாக்கி வைக்க முடிவது பணக்காரனுக்கு மட்டும்தான், தள்ளுபடி செய்தால் லாபம் அவனுக்கே என்று கண்டுகொண்டார். பிளேட்டோவில் இது கிடையாது. கணக்கேடுகளோடு இரவெல்லாம் உட்கார்ந்தவருக்குத்தான் இது தெரியும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அவரைப் பற்றி முடிவுகட்டுபவர்கள் இந்த இடத்தைப் படித்துப் பார்க்க வேண்டும்.

நீதி சொல்வதிலும் இப்படித்தான். நூமேரியஸ் என்ற முன்னாள் ஆளுநர்மேல் கையாடல் வழக்கு வந்தது. அவர் மறுத்தார், சாட்சியம் போதவில்லை. வாதாடியவர் பொறுமையிழந்து, மறுத்தால் போதும் என்றால் யார்தான் குற்றவாளி ஆவார்கள் என்று கேட்டார். குற்றம்சாட்டினால் போதும் என்றால் யார்தான் நிரபராதியாக இருப்பார்கள் என்று திருப்பிக் கேட்டார் ஜூலியன்.

குளிர்காலங்களைப் பாரிஸில் கழித்தார், அன்று லுடேஷியா என்ற சிறு தீவு நகரம். அதைப் பற்றிப் பாசத்தோடு எழுதியிருக்கிறார்: நல்ல திராட்சை விளையும், குளிருக்கு வைக்கோல் சுற்றி அத்திமரம்கூட வளர்க்கிறார்கள், ஆற்றின் மேல் பளிங்குப் பாளங்கள்போல் பனிக்கட்டி மிதந்துவரும் என்று. தன்னைப் பழக்கிக்கொள்ள வேண்டும் என்று அறையைச் சூடாக்க விடமாட்டார். ஒருநாள் கொஞ்சம் கரிநெருப்பை உள்ளே கொண்டுவரச் சொல்ல, புகை தலைக்கேறி மூச்சுத் திணறி, வெளியே தூக்கிவந்து வாந்தியெடுக்க வைத்துப் பிழைக்க வைத்தார்கள். மறுநாளே எழுந்து வேலை பார்த்தாராம். லட்சியவாதியின் பிடிவாதம் முழுக்கத் தெரிகிறது. ஆனால் அந்தப் பிடிவாதம் அவர் உடம்பை மட்டும்தான் வருத்தியது.

காலியாவில் அவரைச் சுற்றி இருந்தவர்களையும் கவனியுங்கள். சலூஷியஸ் என்ற மூத்த அதிகாரி தந்தைபோல் கூடவே இருந்து வழிநடத்தினார். கான்ஸ்டன்டியஸ் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டபோது, பிரிவுத் துயரத்தை ஆற்றிக்கொள்ளவே ஜூலியன் ஓர் உரை எழுதினார். எதிர்ப்பக்கத்தில் புளோரென்டியஸ் இருந்தார். பகையாகவே இருந்தாலும் அவரை ஜூலியனால் நீக்க முடியாது. மேலே சந்தேகக் கண்ணோடு கான்ஸ்டன்டியஸ். தான் நினைத்ததை அப்படியே செய்துவிட முடியாது, ஒவ்வொன்றையும் கணக்குக் காட்டி, காத்திருந்து, விட்டுக்கொடுத்துத்தான் சாதிக்க வேண்டும். அந்த ஐந்து ஆண்டுகள் அவருக்கு வேதனையானவை, படிக்கும்போதே தெரியும். அவரை ஆட்சியாளராக்கியதும் அவைதான் என்பது என் உறுதியான எண்ணம்.

360இல் கான்ஸ்டன்டியஸ் பாரசீகப் போருக்காகக் காலியாவின் சிறந்த படைப்பிரிவுகளைக் கேட்டார். ஊரையும் குடும்பத்தையும் விட்டுக் கிழக்கே போக விரும்பாத வீரர்கள் பாரிஸில் ஜூலியனைக் கேடயத்தின் மேல் ஏற்றி ‘அகஸ்டஸ்’, அதாவது முழுப் பேரரசர், என்று முழங்கினார்கள். இதில் அவர் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் மோதிக்கொள்கிறார்கள். எப்படியோ, உள்நாட்டுப் போர் மூள்வதற்குள் 361 நவம்பர் 3ஆம் தேதி கான்ஸ்டன்டியஸ் நோயில் இறந்தார். டிசம்பர் 11ஆம் தேதி ஜூலியன் தான் பிறந்த ஊரான கான்ஸ்டான்டிநோபிளுக்குள் ஒரே பேரரசராக நுழைந்தார்.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. முடிவெட்ட ஆள் கேட்டால் பட்டும் பகட்டுமாக ஒருவர் வந்து நின்றார். நான் கேட்டது முடிதிருத்துபவரை, கருவூல அதிகாரியை அல்ல என்றார் ஜூலியன். விசாரித்தால், அந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு இருபது பேருக்கான ரொட்டி, அதே அளவு குதிரைத் தீவனம், மேல் சம்பளம் வேறு. அரண்மனையின் சமையல்காரர், முடிதிருத்துவோர் பட்டாளத்தையே வெளியேற்றினார். பேரரசருக்கு நகரங்கள் ‘கிரீடப் பொன்’ கட்டாயமாகத் தர வேண்டாம், விருப்பம் இருந்தால் தரலாம் என்றார். தன் அதிகார எல்லையை அறியாமல் மீறியதற்காகத் தனக்கே 10 ராத்தல் பொன் அபராதம் விதித்துக்கொண்டார். புதிய பேரரசரைக் காணத் தூரதேசங்களில் இருந்தெல்லாம் தூதர்கள் வந்தார்கள் என்று சொல்லும் இடத்தில் அம்மியானஸ் ‘செரெந்திவி’ என்ற பெயரையும் எழுதுகிறார். இலங்கை என்றே அதைப் பெரும்பாலும் அடையாளம் காண்கிறார்கள்.

ஆனால் அதே வாரங்களில் தலைநகருக்கு எதிர்க்கரையில் இருந்த கல்கெடோன் நகரில் முந்தைய ஆட்சியின் அதிகாரிகளை விசாரிக்க ஒரு நீதிமன்றம் அமைத்தார். குற்றவாளிகள் சிலரோடு உர்சுலஸ் என்ற கருவூல அதிகாரிக்கும் மரணதண்டனை விதிக்கப்பட்டது. ஜூலியன் கையில் காசில்லாமல் காலியாவுக்குப் போனபோது, இவர் கேட்பதையெல்லாம் கொடுங்கள் என்று அங்கே கடிதம் எழுதி உதவியவர் இந்த உர்சுலஸ். நீதியே அழுதது என்கிறார் அம்மியானஸ். எனக்குத் தெரியாமல் நடந்தது, படையினரின் கோபம் அது என்று ஜூலியன் பின்னால் சொன்னார். நூமேரியஸ் வழக்கில் அப்படிக் கேட்டவர் இப்படிச் சொல்ல நேர்ந்தது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

அடுத்து 362 ஜூன் 17ஆம் தேதியிட்ட ஆசிரியர்கள் பற்றிய சட்டம். ஹோமரைக் கற்றுக்கொடுப்பவர் ஹோமரின் தெய்வங்களை நம்ப வேண்டும், நம்பாதவர் அதைக் கற்றுக்கொடுத்துச் சம்பாதிப்பது நேர்மையில்லை என்பது அவர் வாதம். அதனால் கிறிஸ்தவர்கள் இலக்கண, இலக்கிய ஆசிரியர்களாக இருக்க முடியாமல் போனது. ஏதென்ஸில் பேர்பெற்ற புரோஹைரீசியஸ் வேலையை விட்டார். பழைய தெய்வங்களை வணங்கிய அம்மியானஸே இது கொடுமையானது, என்றென்றைக்கும் மூடி மறைக்க வேண்டியது என்று எழுதினார். பாருங்கள், வகுப்புக்குப் போகத் தடை விதிக்கப்பட்டு, காசு கொடுத்துக் குறிப்பு வாங்கிப் படித்த மாணவர்தான் இந்தத் தடையைப் போட்டவர்.

சிரியாவின் பெருநகரான அந்தியோக்கியாவில் நிலைமை முழுக்கக் கைமீறியது. 362 கோடையில் அங்கே போனபோது வறட்சி, விலையேற்றம், போதாததற்குப் பாரசீகப் போருக்காகக் குவிந்த படையின் பசி. ஜூலியன் விலைக்கு உச்சவரம்பு போட்டார். பக்கத்து ஊர்களில் இருந்து 400,000 மரக்கால் அளவு தானியம் வரவழைத்தார். பிறகு எகிப்தில் இருந்தும் வரவழைத்து, முன்பு 10 அளவு கிடைத்த காசுக்கு 15 அளவு விற்கச் செய்தார். எண்ணம் நல்லது. நடந்தது என்ன? மலிவுத் தானியத்தைப் பணக்காரர்கள் வாங்கிப் பதுக்கி, வரம்பு எட்டாத கிராமப்புறத்தில் விற்றார்கள். இது நடக்காது என்று நகரசபை முன்பே எடுத்துச் சொன்னது, அவர் கேட்கவில்லை. தள்ளுபடியின் லாபம் யாருக்குப் போகும் என்று காலியாவில் கண்டுபிடித்தவர், மலிவு விலையின் லாபம் யாருக்குப் போகும் என்று இங்கே பார்க்கத் தவறினார்.

பஞ்சக் காலத்தில் கோயில்களில் நூற்றுக்கணக்கில் மாடுகளைப் பலியிட்டதும் ஊருக்குப் பிடிக்கவில்லை. அவருடைய தாடியை வைத்து நையாண்டிப் பாட்டுப் பாடினார்கள். வேறொரு பேரரசராக இருந்தால் படையை ஏவியிருப்பார். ஜூலியன் தன்னையே திட்டிக்கொள்வதுபோல் ஊரைத் திட்டி ‘மிசோபோகோன்’, அதாவது தாடி வெறுப்பவன், என்ற நூலை எழுதிப் பொது இடத்தில் வைத்தார். இரத்தம் சிந்தாமல் விட்டதை நான் அவருடைய பெருமையாகவே நினைக்கிறேன். ஆனால் கிளம்பும்போது, கொடுமைக்குப் பேர்போன ஒருவரை அந்தப் பகுதிக்கு ஆளுநராக வைத்துவிட்டு, இந்த ஜனங்களுக்கு இப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும் என்றார். வரிக்காகப் பேரரசரையே எதிர்த்து நின்ற ஜூலியன் எங்கே போனார்?

இத்தனைக்கும், தான் அவசரப்பட்டால் தடுத்துச் சொல்லலாம் என்று அதிகாரிகளுக்கு அவரே அனுமதி கொடுத்திருந்தார். சலூஷியஸும் மறுபடி அருகில்தான் இருந்தார், இப்போது கிழக்கின் தலைமை நிர்வாகியாக. ஆனால் அனுமதி பெற்று இடித்துச் சொல்பவர் வேறு, நீக்கவே முடியாத புளோரென்டியஸ் வேறு. ஜூலியனின் காதருகே இப்போது அதிகம் இருந்தவர்கள் மாக்ஸிமஸ் போன்ற குறி சொல்லும் தத்துவவாதிகள். மாக்ஸிமஸ் வந்த செய்தி கேட்டு, செனட் கூட்டத்தின் பாதியில் எழுந்து ஓடிப்போய் அவரைக் கட்டித்தழுவியிருக்கிறார்.

363 மார்ச் 5ஆம் தேதி பாரசீகம் நோக்கிப் புறப்பட்டார். வேண்டாம் என்று காலியாவில் இருந்து நிர்வாகி கடிதம் எழுதினார், கேட்கவில்லை. பாரசீகத் தலைநகரான டெஸிஃபோன் கோட்டை வரை வெற்றிமேல் வெற்றி. கோட்டையைப் பிடிக்க முடியாது என்று தெரிந்ததும், ஆற்றில் நின்ற தன் கப்பல்களுக்கே தீவைக்கச் சொன்னார். தவறு புரிந்து அணைக்கச் சொல்வதற்குள் பெரும்பாலானவை எரிந்து, 12 மட்டும் மிஞ்சின. பின்வாங்கும் வழியில் தாக்குதல் செய்தி கேட்டு மார்புக்கவசம் அணியாமல் பாய்ந்தார், விலாவில் ஈட்டி இறங்கியது. ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓய்வெடுப்போம் என்று சொன்ன நிதானம் அங்கே இல்லை.

இன்னும் இருபது ஆண்டு இருந்திருந்தால் தேறியிருப்பாரா? காலியாவைப் பார்த்தால் ஆம் என்று சொல்லத் தோன்றுகிறது, அடி வாங்கினால் திருந்தும் புத்தி அவரிடம் இருந்தது. அந்தியோக்கியாவைப் பார்த்தால் அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை, அங்கே அடியெல்லாம் ஊர்மேல் விழுந்தது. அவர் இறந்த மறுநாள் படைத்தலைவர்கள் கூடி சலூஷியஸை அரியணை ஏறச் சொன்னார்கள். முதுமையையும் நோயையும் காரணம் காட்டி அவர் மறுத்துவிட்டார். தேர்ந்தெடுக்கப்பட்ட ஜோவியன் படையை மீட்டுக்கொண்டு போவதற்காக டைக்ரிஸுக்கு அப்பால் ஐந்து மாவட்டங்களையும் 15 கோட்டைகளையும் நிசிபிஸ் நகரையும் பாரசீகருக்கு எழுதிக்கொடுத்தார். முன்பு மூன்று முற்றுகைகளைத் தாங்கி நின்ற நிசிபிஸ் ஜனங்கள், எங்கள் ஊரை நாங்களே காத்துக்கொள்கிறோம், விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினார்கள். யாரும் கேட்கவில்லை, வீடுவாசலை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.